எதற்கெல்லாம் ‘சரி’ சொல்லியிருக்கிறோம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, யார் யாருக்கு என்னென்ன செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் இரண்டு திட்டங்கள், புதிதாகச் சேர்ந்தவருக்கு வாரம் ஒருநாள் வேலை சொல்லிக்கொடுப்பது, குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு, நண்பரின் மகள் எழுதிய விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தித் தருவது, பழைய வகுப்புத் தோழர்கள் கூடுவதற்கு இடம் பார்ப்பது, பாதியில் நிற்கும் ஒரு மொழிப் பயிற்சி, தினமும் நடக்கப்போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது. எண்ணிப் பார்த்தால் 31.

அடுத்துச் செய்த காரியம்தான் உறைத்தது. நானாக யோசித்து, வேண்டும் என்று எடுத்துக்கொண்டவற்றுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். மொத்தம் 7 புள்ளிகள். மீதி 24-உம் யாரோ கேட்ட நேரத்தில் வாயில் வந்துவிட்ட ‘சரி’. மூச்சுவிட நேரமில்லை என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரம் எங்கே போக வேண்டும் என்று நான் ஒருமுறைகூட உட்கார்ந்து முடிவு செய்யவில்லை.

இந்தக் கட்டுரை அந்த முடிவைப் பற்றியது. வேலைப்பளு என்று வந்தாலே நாம் முதலில் கையில் எடுப்பது நேரத்தைத்தான். அதிகாலையில் எழுவது, செயலியில் நினைவூட்டல் வைப்பது, நாளை அரைமணி அரைமணியாக வெட்டி வண்ணம் பூசுவது. இவற்றில் தவறு ஒன்றும் இல்லை, எனக்கும் உதவியிருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் வேலை உள்ளே வந்த பிறகு அதை அடுக்கும் முறைகள். எது உள்ளே வரலாம் என்பதை இவை கேட்பதில்லை. வாளி நிரம்பி வழியும்போது குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? துடைப்பதில் நாம் கெட்டிக்காரர் ஆவோம், தரை ஈரமாகவேதான் இருக்கும்.

குழாய் என்பது நாம் ஒப்புக்கொள்ளும் இடம். அங்கே கை வைத்தால்தான் நாள் நம் கைக்கு வரும்.

ஒப்புக்கொள்வது என்றால் என்ன?

வராத ஒரு நாளின் சில மணி நேரத்தை இப்போதே இன்னொருவர் பெயரில் எழுதிக் கொடுப்பதுதான் ஒப்புக்கொள்வது. பணத்தை இப்படி எழுதிக் கொடுக்கும்போது நாம் தொகையைப் பார்ப்போம், தவணையைக் கேட்போம். நேரத்தை எழுதிக் கொடுக்கும்போது இரண்டையும் கேட்பதில்லை.

வெளிப்படையாக ‘சரி’ சொன்னவை மட்டும்தான் இதில் அடங்கும் என்று நினைக்க வேண்டாம். சொல்லாமலே ஏறிக்கொண்டவைதான் அதிகம். எப்போதோ ஒருமுறை செய்து கொடுத்ததால் அது உங்கள் வேலையாகவே ஆகிவிட்டது, வாரா வாரம் நடக்கும் கூட்டம், எதற்காகத் தொடங்கியது என்பது யாருக்கும் நினைவில்லாமல் நடக்கிறது, குழுவில் யாராவது கேள்வி கேட்டால் நீங்கள்தான் பதில் போடுவீர்கள் என்று மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். இவையும் கணக்கில் வர வேண்டும். உங்களுக்கு நீங்களே கொடுத்த வாக்குகளும் வர வேண்டும். ‘இந்த வருடம் இதைப் படித்து முடிப்பேன்’ என்று சொல்லிவிட்டு அலமாரியில் வைத்த புத்தகம் நேரத்தை எடுப்பதில்லை. ஆனால் அதைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் மனதில் லேசாகக் குத்துகிறது.

ஒரு பொறுப்பின் வால்

எந்தப் பொறுப்புக்கும் கண்ணுக்குத் தெரியும் தலை ஒன்று உண்டு, பின்னால் வரும் வால் ஒன்று உண்டு. கேட்பவர் தலையைத்தான் காட்டுவார். அவருக்கே வால் தெரியாமல் இருக்கலாம்.

குடியிருப்போர் சங்கக் கணக்கை என்னிடம் கொடுத்தபோது, ‘மாதம் இரண்டு மணி நேரம்தான் சார், நீங்கள் பார்த்தால் கச்சிதமாக இருக்கும்’ என்றார் அதுவரை பார்த்துவந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. வரவு செலவை ஏட்டில் ஏற்ற இரண்டு மணி நேரம்தான் ஆகும். ஒரு மாதம் முழுக்க நான் குறித்து வைத்துப் பார்த்தேன். பணம் கட்டியவர்கள் கைப்பேசியில் அனுப்பிய ரசீதுப் படங்களைத் தேடி எடுத்து வங்கிக் கணக்கோடு ஒப்பிட ஒன்றரை மணி. கட்டாதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப ஒரு மணி. இதில் பெரும்பகுதி, யார் மனமும் புண்படாதபடி வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதியதில் போனது. ‘கட்டிவிட்டேனே, பெயர் விட்டுப்போயிருக்கிறதே’ என்று வந்த தொலைபேசி அழைப்புகள் முக்கால் மணி. தண்ணீர்த் தொட்டி பழுது பார்த்தவர் பில் தராமல் போனதால் அவரைத் தேடிப் பிடித்தது ஒரு மணி. மாதக் கூட்டம் ஒன்றே முக்கால் மணி, அதற்கு முன் அறிக்கை தயாரிக்க ஒரு மணி. ஏட்டு வேலை இரண்டு மணி. ஆக மொத்தம் 9 மணி நேரம். இரண்டு என்று நினைத்து எடுத்தது ஒன்பதாக இருந்தது. இந்த ஒன்பதும் ஒரே நாளில் வருவதும் இல்லை. மாதம் முழுக்கத் துண்டு துண்டாகச் சிதறி, வேறு வேலைகளின் நடுவில் வந்து விழும்.

அந்தச் சிதறலுக்குத் தனி விலை உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனம் முழுதாகத் தாவுவதில்லை, ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதை ‘கவனத்தின் மிச்சம்’ என்று பெயரிட்டு விளக்கினார். ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு, எழுதிக்கொண்டிருந்த பத்தியின் முதல் வரியை நான்காவது முறையாகப் படிக்கும் அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

வாலைக் குறைத்து மதிப்பிடுவது அக்கறையின்மையால் வருவதல்ல. மனித மனம் இயல்பாகவே அப்படித்தான் கணக்குப் போடுகிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதற்கு ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர் வைத்தார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்புக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாகச் சுமார் 55 நாள். மிக மோசமாகப் போனால் என்று தாங்களே போட்ட கணக்கையும் தாண்டிவிட்டது. ஒரு வேலையைக் கற்பனை செய்யும்போது நாம் அது தடங்கலில்லாமல் நடப்பதைத்தான் பார்க்கிறோம். தண்ணீர்த் தொட்டிக்காரர் பில் தராமல் போவார் என்று யாரும் கற்பனை செய்வதில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு வழக்கம்: யார் எவ்வளவு நேரம் சொன்னாலும், நானே சொன்னாலும், அதை இரண்டால் பெருக்குவேன். ஏற்கெனவே அந்த வேலையைச் செய்தவர் யாராவது இருந்தால் ‘எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று கேட்க மாட்டேன், ‘போன முறை உங்களுக்கு எவ்வளவு ஆனது?’ என்றுதான் கேட்பேன். இரண்டு கேள்விக்கும் வரும் பதில்கள் வேறு வேறாக இருக்கும்.

கையில் இருப்பது எவ்வளவு?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போனால் 112. வேலைக்கு 45, போய்வர 7 அல்லது 8 என்று வைத்தால் ஏறக்குறைய 60 மிஞ்சும். குளிப்பது, சமைப்பது, சாப்பிடுவது, துவைப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்து நாளுக்கு 3 மணி நேரம் என்றால் 21 போய் 39. வீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்து அவர்களுக்கு நாளுக்கு 2 மணி நேரம் வேண்டுமென்றால் 14 போய் 25. இது ஒரு மாதிரிக் கணக்குதான், உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் ஒருமுறை உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். நம்மில் பலர், எல்லா நேரமும் நம்முடையது என்ற நினைப்பில் வாக்குக் கொடுக்கிறோம். உண்மையில் கொடுக்கக் கையில் இருப்பது இந்த 25 போன்ற ஒரு சின்ன எண். நண்பர்கள், உடற்பயிற்சி, படிப்பு, சும்மா உட்கார்ந்திருப்பது, சங்கக் கணக்கு எல்லாமே அதற்குள்தான்.

சரி, 25 மணி நேரம் இருக்கிறது, 25-ஐயும் கொடுத்துவிடலாமா? கூடாது. இதற்கு ஒரு கணிதக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது இதுதான்.

டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் எர்லாங் என்ற கணிதவியலாளர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தார். அழைப்புகள் எப்போது வரும் என்று தெரியாத நிலையில் எத்தனை இணைப்புகள் வைத்தால் மக்கள் காத்திருக்காமல் பேச முடியும் என்ற கேள்வியை ஆராய்ந்து, 1909-இல் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய கணிதம் என்ற துறையே அவர் வேலையிலிருந்துதான் வளர்ந்தது. அதன் மிக எளிய வாய்பாடு ஒன்று சொல்வது இது. ஒரே ஒருவர் இருக்கும் சேவை முகப்பில் வேலைகள் முன்பின்னாக வந்துகொண்டிருக்கின்றன. அவர் பாதி நேரம் மட்டும் வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலை முடியும் நேரம் காத்திருந்தால் போதும். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் 4 வேலைகளின் நேரம் காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் என்றால் 9. 95 சதவீதம் என்றால் 19.

80-க்கும் 95-க்கும் இடையே இருப்பது 15 சதவீதம்தான். காத்திருப்போ ஏறக்குறைய ஐந்து மடங்கு. நம் நாளும் அப்படிப்பட்ட முகப்புதான். குழந்தைக்குக் காய்ச்சல், மேலாளரின் அவசர அழைப்பு, பழுதான வண்டி எல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவதில்லை. இடைவெளி இருக்கும் நாளில் இவை ஒன்றிரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். விளிம்புவரை நிரம்பிய நாளில் ஒன்று சரிந்தால் அது அடுத்ததை இடிக்கும், அது அதற்கடுத்ததை இடிக்கும், வெள்ளிக்கிழமை இரவுவரை அந்தச் சரிவு நிற்காது. ‘ஒரு சின்ன வேலைதானே’ என்று கடைசியாக ஏற்றுக்கொண்டது ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது என்று நாம் வியப்பதற்குக் காரணம் இதுதான். அந்தச் சின்ன வேலையின் மேல் குற்றமில்லை. மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது நாம் சின்ன வயதிலேயே கேட்டதுதான்.

ஆகவே 25 இருந்தால் 18, 19 மணி நேரத்துக்கு மேல் வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. மிச்சம் வீணாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், அது வீணாவதே இல்லை.

இதே துறையில் இன்னொரு விதியும் உண்டு, ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு எத்தனை முடிக்கிறீர்கள் என்பதால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் உங்களிடம் கிடக்கும் என்று தெரிந்துவிடும். 20 வேலைகளை வைத்துக்கொண்டு வாரத்துக்கு 2 முடிப்பவரிடம் ஒவ்வொன்றும் சராசரியாகப் 10 வாரம் கிடக்கும். அதே வேகத்தில் வேலை செய்பவர் 6 மட்டும் வைத்திருந்தால் 3 வாரத்தில் முடியும். இரண்டாமவர் சுறுசுறுப்பில் ஒரு படிகூட மேலே இல்லை. ஆனால் ‘அவரிடம் கொடுத்தால் உடனே முடித்துத் தருவார்’ என்ற பெயர் அவருக்குத்தான் கிடைக்கும்.

ஏன் வாய் தானாகச் ‘சரி’ சொல்கிறது?

முதல் காரணத்துக்கு நம் மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது: முகதாட்சண்யம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வராமல் போவது. இது கெட்ட குணம் இல்லை, உறவுகளை ஒட்டவைத்திருப்பதும் இதே ஈரம்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், எதிரில் நிற்பவருக்கு முகம் இருக்கிறது, அந்த ‘சரி’யால் மாலை நேரத்தை இழக்கப்போகும் குழந்தையோ வாழ்க்கைத்துணையோ அந்த இடத்தில் இல்லை. இல்லாதவர் முகத்துக்குத் தாட்சண்யம் காட்ட நமக்கு ஞாபகம் வருவதில்லை.

இரண்டாவது காரணம் தூரம். அடுத்த மாதம் என்றதும் அது காலி மைதானம்போலத் தெரிகிறது. கால் ஸாபர்மனும் ஜான் லிஞ்சும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வருங்காலத்தில் பணம் இன்றைவிட அதிகமாகக் கையில் இருக்கும் என்று நம்புவதைவிட, நேரம் அதிகமாக இருக்கும் என்று மக்கள் நம்புவது மிக அதிகம். அடுத்த மாதமும் இந்த மாதம் போலவேதான் இருக்கப்போகிறது, அதில் என்னென்ன வந்து விழும் என்பது இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் யாராவது ‘அடுத்த மாதம் வர முடியுமா?’ என்று கேட்டால் நான் எனக்குள் கேட்டுக்கொள்வது: ‘இதே வேலை நாளை மாலை என்றால் ஒப்புக்கொள்வேனா?’ நாளை என்று நினைத்ததும் வயிற்றில் ஒரு பிசைவு வந்தால், அடுத்த மாதம் அந்தத் தேதி நெருங்கும்போதும் அதே பிசைவு வரும்.

மூன்றாவது, ‘பார்க்கலாம்’ என்ற சொல். மறுக்கவும் மனமில்லை, ஏற்கவும் மனமில்லை, அந்த இக்கட்டிலிருந்து தப்பிக்க ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்கிறோம். சொன்னவர் மனதில் அது பாதி மறுப்பு. கேட்டவர் காதில் முக்கால் ஒப்புதல். அவர் உங்களை நம்பி வேறு யாரையும் கேட்காமல் இருப்பார், நீங்கள் அவர் மறந்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். மூன்று வாரம் கழித்து இருவருக்கும் மனக்கசப்பு. நேரடியாக மறுத்திருந்தால் அவர் அன்றே வேறொருவரைப் பிடித்திருப்பார். இந்த ஒரு சொல்லை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

கேட்ட இடத்தில் பதில் சொல்லாதீர்கள். இதுதான் முதல் வேலை, பழகக் கொஞ்ச நாள் ஆகும். ‘நாளை மதியத்துக்குள் சொல்லிவிடுகிறேன்’ என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குள் சொல்லியும் விடுங்கள். நேரம் குறிக்காமல் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றால் அது ‘பார்க்கலாம்’ வேறு சட்டை போட்டு வந்தது போல.

கிடைத்த இடைவெளியில் வாலைப் பற்றி விசாரியுங்கள். எப்போது முடியும், கூட யார், முன்பு செய்தவர் ஏன் விட்டார்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அதற்கு வரும் பதிலில்தான் வால் முழுதாகத் தெரியும். நான் சங்கக் கணக்கை எடுத்தபோது இதைக் கேட்கவில்லை.

பிறகுதான் உண்மையான கேள்வி: இதற்காக எதை விடப்போகிறேன்? ஃபிரீட்ரிஷ் ஃபான் வீசர் என்ற ஆஸ்திரியப் பொருளியலாளர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த கருத்து, எந்த ஒன்றின் விலையும் அதற்காக நாம் கைவிடும் அடுத்த நல்ல ஒன்றுதான் என்பது. நேரத்துக்கு இது அப்படியே பொருந்தும். ‘இது நல்ல காரியமா?’ என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாமே நல்ல காரியமாகத்தான் இருக்கும், அதனால் அந்தக் கேள்வியால் பயனில்லை. ‘சனிக்கிழமைக் காலை மகனோடு நீச்சலுக்குப் போவதைவிட இது மேலா?’ என்று கேளுங்கள். சில நேரம் ஆம் என்று வரும். வந்தால் தெளிந்த மனதோடு எடுத்துக்கொள்ளலாம். வராதபோது பதிலைத் தேட வேண்டியதே இல்லை.

முழுதாக ஏற்பது, முழுதாக மறுப்பது இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். விழாவை நடத்தித் தர முடியாது, அழைப்பிதழை ஒருமுறை படித்துப் பிழை திருத்தித் தரலாம். வருடம் முழுக்கப் பாடம் எடுக்க முடியாது, நான்கு வாரம் எடுக்கலாம். நான் இப்போது எதை ஏற்றாலும் முடிவுத் தேதி வைத்துத்தான் ஏற்கிறேன். ‘டிசம்பர் வரை பார்க்கிறேன் அண்ணா, அதற்குப் பிறகு பேசிக்கொள்வோம்’ என்று சொல்லி ஏற்ற பொறுப்பை டிசம்பரில் விட யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

மறுக்கும்போது குறைவாகப் பேசுங்கள். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரில் இருப்பவர் ஒரு தீர்வு சொல்வார், ஏனென்றால் நீங்கள் உதவி கேட்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். ‘செவ்வாய் வர முடியாது’ என்றால் ‘அப்போ புதன்?’ என்று வரும். சில மாதங்களுக்கு முன், விழா மலர் பொறுப்பை எடுக்கச் சொல்லிக் கேட்ட ஓர் அக்காவுக்கு நான் அனுப்பிய செய்தி இது: ‘அக்கா, என்னை நினைத்துக் கேட்டதற்கு ரொம்ப நன்றி. இந்த வருடம் புதிதாக எந்தப் பொறுப்பும் எடுக்கப்போவதில்லை என்று இருக்கிறேன், அதனால் என்னால் முடியாது. மலர் அச்சுக்குப் போகும் முன் ஒருநாள் மாலை உட்கார்ந்து படித்துத் தருகிறேன்.’ அனுப்பிவிட்டு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், பதிலைப் பார்க்க அவ்வளவு பயம். பதில் இருபது நிமிடத்தில் வந்தது: ‘பரவாயில்லப்பா. படிச்சுக் குடுத்தாலே போதும்.’ அழைப்பை மறுத்தால் எதிராளி எவ்வளவு வருந்துவார் என்று நாம் நினைப்பதைவிட அவர் குறைவாகவே வருந்துகிறார் என்று இதைச் சோதித்த ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவை

புதியதைத் தடுப்பதைவிடக் கடினம் பழையதை இறக்கி வைப்பது. இதில் மனம் இரண்டு விதமாக நம்மைக் கட்டிப்போடுகிறது. ஒன்று, ‘இவ்வளவு நாள் செய்துவிட்டோமே’ என்பது. போன நேரம் போனதுதான், தொடர்ந்தாலும் விட்டாலும் திரும்பாது. இனி வரும் மணி நேரங்களுக்கு அது தகுமா என்பது மட்டும்தான் கேள்வி. இரண்டாவது, எதையாவது சரிசெய்ய வேண்டும் என்றால் புதிதாக ஒன்றைச் சேர்க்கத்தான் நமக்குத் தோன்றுகிறது, இருப்பதில் ஒன்றை நீக்கத் தோன்றுவதில்லை. 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இதை லெகோ கட்டைகள் முதல் எழுத்து வேலை வரை பலவற்றில் சோதித்துக் காட்டியது. நேரமில்லை என்றதும் நேர மேலாண்மைப் பயிற்சி வகுப்பில் சேர்வது இந்த வகைதான்.

தாளில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, ‘இன்று புதிதாக என்னிடம் கேட்டால் ஏற்பேனா?’ என்று கேளுங்கள். இல்லை என்று வருபவற்றை ஒரே நாளில் தூக்கிப் போட வேண்டாம். நம்பிக் கொடுத்தவர்களை நடுவழியில் விட்டுவிட்டுப் போவது இன்னொரு தவறு. சங்கக் கணக்கை நான் விட்டது இரண்டு மாதத்தில். முதலில் தலைவரிடம் நேரில் போய், ‘சார், மார்ச் முடியும்வரை நான் பார்க்கிறேன், அதற்குள் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், அவருக்கு நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்’ என்றேன். அவர் முகம் வாடியது உண்மை. பிறகு மாதத்தின் எந்த நாளில் என்ன வேலை வரும், 9 மணி நேரம் எங்கெங்கே போகும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்தபின் சங்கத்தில் அந்த வேலையை இரண்டு பேருக்குப் பிரித்தார்கள். எனக்கு முன் பார்த்தவரும் இப்படித் திணறியிருப்பார் என்பது அப்போதுதான் புரிந்தது.

விட முடியாதவர்கள்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, ‘எனக்கு எங்கே தேர்வு இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவரிடமும், இரண்டு வேலைக்குப் போனால்தான் வீடு நடக்கும் என்பவரிடமும், ‘முடியாது என்று சொல்லப் பழகுங்கள்’ என்பது அக்கறையில்லாத பேச்சு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: விட முடியாதவை இவ்வளவு இருப்பதாலேயே, மற்ற சின்னச் சின்னச் ‘சரி’களை மறுக்கும் உரிமை உங்களுக்கு எல்லாரையும்விட அதிகம். வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். சுமையைப் பகிரக்கூடிய உடன்பிறந்தவர்கள் இருந்தால், ‘கொஞ்சம் உதவி செய்’ என்பதை விட்டு, ‘வியாழக்கிழமை இரவு உன்னுடையது’ என்று கேளுங்கள்.

அலுவலகத்தில் மேலாளர் கொடுக்கும் வேலையை மறுக்க முடியாது. ஆனால் வரிசையைக் கேட்க முடியும். ‘மேடம், இப்போது என்னிடம் இந்த மூன்று இருக்கின்றன. இதை முதலில் எடுத்தால் தணிக்கை அறிக்கை புதன்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை ஆகும். எதை முன்னால் வைக்கட்டும்?’ பல மேலாளர்களுக்கு உங்கள் மேசையில் என்னென்ன இருக்கிறது என்பதே தெரியாது. தெரிந்தால் முடிவை அவர்களே எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும்.

பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று தெரிந்திருப்பது நல்லது. பதவி உயர்வுக்கு உதவாத, ஆனால் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலைகளை யார் எடுக்கிறார்கள் என்று சோதித்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களிடம்தான் அதிகம் கேட்கிறார்கள், பெண்கள்தான் அதிகம் ஒப்புக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் அதே வேலையை ஆண்களே எடுத்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவதும் பிரிவுபசார விழாவுக்கு ஏற்பாடு செய்வதும் உங்கள் பக்கமே வருகிறது என்றால் அதை உங்கள் குணத்தின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இந்த முறை சுழற்சியில் வைக்கலாமா?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், காலியான இடம் காலியாகவே இருக்காது. ஒரு வேலை, அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கும் விரிந்துவிடும் என்று பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1955-இல் எழுதியது இன்றும் அப்படியே நடக்கிறது. அதனால் எதற்காக இடம் பிடித்தோமோ அதை நாட்காட்டியில் பெயர் போட்டு எழுதிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு முதல் எட்டு வரை என் அம்மாவின் பெயர் இருக்கிறது. நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அவர் பழைய புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு யார் யார் என்று சொல்கிறார், நான் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். முதல் மாதத்திலேயே அந்த நேரத்தை மூன்று பேர் கேட்டார்கள். ‘செவ்வாய் மாலை எனக்கு வேலை இருக்கிறது’ என்றேன். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.